என் வீட்டுக்காரரை மீன் முள்ளிலிருந்து எடுத்துவிடவும்

அட்டைப்பெட்டி ஆலையின் பராமரிப்பு மேற்பார்வையாளரும், என் கணவரின் உடன்பிறந்த தம்பியும் ஆகிய உங்களுக்கு, அதே ஆலையில் மூன்றாம் மேசையில் பெட்டி அடுக்கும் உங்கள் அண்ணி எழுதிக்கொள்வது.

முதலில் உங்கள் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டும். விசாரிக்கவில்லை. நேற்று மதியம் கேன்டீனில் நீங்கள் இரண்டாம் தடவை தட்டை நீட்டியதை என் கண்ணால் பார்த்தேன். சௌக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். இங்கே நான் இருக்கிறேன். அதற்கு மேல் என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்குத் தங்கச்சியான உங்கள் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். அவர்கள் பேரில் எனக்குக் கோபம் கிடையாது. இந்தக் கடிதத்தைத் தங்கச்சிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

தினமும் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்க்கிறோம், இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்தால் "அண்ணி, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். நேரில் வந்தால் கம்ப்ரசர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, காதைத் தொட்டுக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்று சைகை செய்கிறீர்கள். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படிக்கவும். விஷயத்தில் பிழை இருக்காது.

விஷயம் இதுதான். கேன்டீன் போகிற வழியில், கை கழுவுகிற தொட்டிக்கு மேலே, ஆள் உயரத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள். அதன் தலைப்பு, "அழுத்தக் காற்று அமைப்பில் சோலனாய்டு வால்வுகளின் நம்பகத்தன்மையை மேம்படுத்துதல்." இதை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு சாப்பாட்டு நேரம் ஆனது. படித்துவிட்டேன். அதற்குக் கீழே, சாப்பிட்டு முடித்துத் தட்டோரம் ஒதுக்கிய மீன் மாதிரி, தலையும் முள்ளுமாக ஒரு படம், பழுதுக்குக் காரணம் தேடுகிற படமாம். தலையில் "வால்வு பழுது" என்று எழுதியிருக்கிறது. ஒரு முள்ளில் மின்சாரம், ஒரு முள்ளில் இயந்திரம், ஒரு முள்ளில் உதிரிப் பொருள். கடைசி முள்ளில், "மறைந்த ஆபரேட்டரின் தவறான பழக்கம்: அளவுக்கு மீறி எண்ணெய் விடுதல்." மற்ற முள்ளையெல்லாம் விட்டுவிட்டு அதற்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். உங்கள் கல்யாணப் பதிவுத் தாளில் அதற்கு நேர் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்தான் அந்த மறைந்த ஆபரேட்டர்.

இதுவரைக்கும் நீங்கள், நீங்கள் என்று எழுதியது உங்கள் சட்டையில் குத்தியிருக்கிற பேட்ஜுக்காக. இனிமேல் எழுதறது உனக்கு.

ஏன் தம்பி, போன மனுஷனைப் போட்டோவுல வைப்பாங்க. மனசுல வைப்பாங்க. மீன் முள்ளுல யாராவது வைப்பாங்களா? கை கழுவ வர்ற ஒவ்வொருத்தரும் அவர் பேர்ல தண்ணி தெளிச்சுட்டுப் போறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்களாம், அந்தத் தாளைப் பார்த்துச் சரின்னுட்டா பளபளன்னு உறை போட்டு நம்ம கம்பெனியோட மத்த நாலு ஆலைக்கும் அனுப்புவாங்களாம், "இப்படிச் செய்யாதீர்கள்"னு. அவர் முகம் தெரியாத ஊர்ல எல்லாம் அவர் தப்பு போய்ச் சேரப் போகுது. அதுக்கு முன்னாடி கம்ப்ரசர் ரூம்ல ஆளுங்க மாட்டின அவர் போட்டோவைக் கழட்டணும்னு நீ சொன்னதாக் கேள்வி. "அறிக்கையும் போட்டோவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை"ன்னியாம். ஒத்துப்போகாதுதான். போட்டோவுல இருக்கறது நிஜம்.

தங்கச்சி கூட உக்காந்து கேட்டுட்டு இருப்பா, அவளுக்கும் புரியணும், அதனால முதல்லேர்ந்து சொல்றேன். தங்கச்சி, நம்ம ஆலையில பெட்டி மடக்கறது, மூடறது, தள்ளறது எல்லாமே காத்துதான். பெரிய டேங்க்ல காத்தை அமுக்கி வச்சு, குழாய்ல கொண்டுவந்து, ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு வால்வு வச்சிருக்காங்க. அதுதான் அந்தச் சோலனாய்டு வால்வு, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதுக்கு உள்ள ஒரு கம்பிச் சுருள், ஒரு குட்டித் தண்டு. கரண்டு வந்தா சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும், காத்துக்கு வழி விடும். கரண்டு போனா தண்டு திரும்பி வந்து அடைக்கும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவை இந்த வேலைதான். "அதுக்கு ஒரு பொல்லாப்பும் தெரியாது. காஞ்ச காத்தைக் கொடு, சுத்தமான காத்தைக் கொடு, பத்து வருஷம் முணுமுணுக்காம உழைக்கும். தண்ணியும் துருவும் கலந்து ஊத்தினா மூணே நாள்ல முட்டிக்கிட்டு நிக்கும்"னு என் வீட்டுக்காரர் சொல்வாரு. ராத்திரி சாப்பாட்டுக்கு வேற பேச்சே கிடையாது எங்க வீட்ல. மத்த வீட்டுல பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்திப் பேசுவாங்க. நாங்க வால்வைப் பத்திப் பேசுவோம். இருபத்தாறு வருஷம்.

காத்துல ஏதுடா தண்ணின்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. நானும் கேட்டிருக்கேன். காத்துலயே ஈரம் இருக்கு, அதை அமுக்கினா பிழிஞ்ச துணி மாதிரி தண்ணி வடியும், டேங்க் அடியில போய்ச் சேரும். அதனாலதான் தினமும் காலையில, ஷிஃப்ட் மணி அடிக்கறதுக்கு முன்னாடி, அவர் செய்யற முதல் வேலை டேங்குக்கு அடியில இருக்கற குழாயைத் திறந்து தண்ணியைப் புஸ்ஸுன்னு வெளிய விடறது. வெறும் காத்து வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டு மூடுவாரு. அதுக்கப்புறம் ஸ்க்ரூடிரைவர் முனையை வால்வு மேல வச்சு, பிடியைக் காதுல வச்சு, டாக்டர் நெஞ்சைப் பார்க்கற மாதிரி ஒண்ணு ஒண்ணாக் கேட்டுட்டுப் போவாரு. டக்குன்னா நல்லா இருக்கு. சொதக்குன்னா ஈரம் போயிருக்கு. உன்னையும் கூடவே கூட்டிட்டுப் போய்க் கத்துக் கொடுத்தாரே, இப்ப மீன் வரையறியே, அந்தச் சத்தம் உன் காதுல இல்லவே இல்லையா?

அந்தக் குழாயோட உன் கதையையும் தங்கச்சிக்குச் சொல்லிடறேன், நீ சொல்லியிருக்க மாட்ட. ஒன்பது வருஷம் முன்னாடி இவன் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரம், மழையில நனைஞ்சு வந்து, ஈரச் சட்டையைக் காய வைக்க வேற இடமே கிடைக்காம அந்தக் குழாயோட கைப்பிடியில தொங்கவிட்டுட்டுப் போயிட்டான். சட்டை கனத்துல அது தானாத் திறந்துகிட்டு டேங்க் காத்து மொத்தமும் வெளிய போச்சு. அரை நாள் ஆலையே படுத்துது. சட்டை மட்டும் நல்லாக் காஞ்சுது. பழியை உன் அண்ணன் தன் தலையில போட்டுக்கிட்டு, திட்டு வாங்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. "சின்னவன்தானே, தெரியாமப் பண்ணிட்டான். ஆனா இனிமே அதுல ஒருத்தனும் கை வைக்க நான் வழி வைக்க மாட்டேன்"னாரு. அவ்வளவுதான். உன்னை ஒரு வார்த்தை சொல்லலை. அவர் உன் சட்டைக்காகத் திட்டு வாங்கினவரு, நீ அவரைச் சிவப்பு மையில சுத்திட்ட.

எண்ணெய் விட்டாராம், அளவுக்கு மீறி. சமையலறையில நான் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலே துணி எடுத்துட்டு வர்ற மனுஷன் அவரு. வால்வுக்குள்ள இருக்கற ரப்பருக்குக் கண்ட எண்ணெயும் ஆகாது, ஊறி உப்பிப் போயிடும்னு எனக்கே பாடம் எடுத்திருக்காரு. தையல் மெஷின் எண்ணெயை எடுத்துட்டு வால்வுகிட்டப் போனவங்க கையைத் தட்டிவிட்டதை நீயே பார்த்திருக்க. அந்த எண்ணெயை விட்டது யாருன்னு எனக்குத் தெரியும். அவர் போனப்புறம், ரெண்டாவது வால்வு முட்டிக்கிட்டப்ப, பழுதைப் பார்க்க வந்த தலைமை ஆபீஸ் கோட்டுக்காரர் "கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்க"ன்னாரு, புதுசு விட்டாரு, நான் என் மேசையிலேர்ந்து பார்த்தேன். அந்தச் சாட்சி உங்க மீன்ல எந்த முள்ளுல இருக்கு?

தங்கச்சிக்குப் புதுசு யாருன்னு தெரியாது. கம்ப்ரசர் ரூம்ல அவர் இடத்துக்குப் போட்ட ஆளு. அம்பத்தி மூணு வயசு, பேரன் எடுத்தாச்சு, முடி ஒண்ணு பாக்கியில்லை, ஆனா எல்லாரும் புதுசுன்னுதான் கூப்பிடறாங்க. நல்ல மனுஷன்னு மூணு மாசமா எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

மூணு மாசம். அன்னிக்குக் காலையில சட்டை போட்டாரு, ஷூ மாட்டினாரு. தினமும் வாசலுக்குப் போறப்ப ஃப்ரிட்ஜ் மேல இருக்கற தட்டுலேர்ந்து பாக்கெட் சாமானை எடுப்பாரு. மூக்குக் கண்ணாடி, அளவு டேப்பு, சாக்பீஸ் துண்டு, சிவப்பு உறை போட்ட ஒரு இரும்புத் துண்டு. சாயங்காலம் வந்தா அதே தட்டுல வைப்பாரு. அன்னிக்கு ஷூ கயிறு கட்டக் குனிஞ்சவரு நிமிரலை. சாமான் தட்டுலயே இருந்துது. இன்னிக்கும் இருக்கு. தூசி தட்டறப்ப ஒவ்வொண்ணா எடுத்து, தட்டைத் துடைச்சு, இருந்த மாதிரியே வச்சிடுவேன். அவர் போன பத்தாம் நாள் நீ வீட்டுக்கு வந்து, கதவுகிட்ட நின்னுகிட்டு, "அண்ணி, கம்பெனிச் சாமான் ஏதாவது அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்காரா, ஒருதரம் பார்க்கட்டுமா?"ன்னு கேட்ட பாரு, அன்னிக்கே எனக்கு உன்னைத் தெரிஞ்சு போச்சு. "உன் அண்ணன் திருடன்னு நினைச்சியா? அவர் சாமான்ல கை வச்ச, கை இருக்காது"ன்னேன். நீ ஃப்ரிட்ஜ் பக்கம் பார்த்த. நான் நடுவுல வந்து நின்னேன். போயிட்ட. சரியாத்தான் செஞ்சேன். இப்பவும் அப்படித்தான் செய்வேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஆலை நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஆரம்பிச்சுது. முதல்ல என் மெஷின். மூடி அமுக்கற கை, வரவேண்டிய நேரத்துல வராம, நின்னு நிதானமா வந்துது. தரம் பார்க்கற அம்மா குனிஞ்சு என்னன்னு பார்த்தாங்க, அவங்க கைப்பை நழுவிப் பெட்டிக்குள்ள விழுந்துது, அந்த நேரம் பார்த்துக் கைக்கு ரோஷம் வந்து மூடி, பசை ஒட்டி, தள்ளி விட்டுடுச்சு. அது எந்தப் பெட்டின்னு பார்க்கறதுக்குள்ள லாரி கிளம்பிடுச்சு. வீட்டுச் சாவி பைக்குள்ள. அந்த அம்மா தன் வீட்டுப் படியில உக்காந்து, எண்ணூறு பெட்டியை லாரி டிரைவர் ஒண்ணு ஒண்ணா ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கற வரைக்கும், என்னைத் திட்டிட்டு இருந்தாங்களாம். என்னை எதுக்கு? அப்புறம் ரெண்டாம் மேசையில பசை விடற வால்வு மூடவே இல்லை, ஒழுகிட்டே இருந்துது, கோட்டுக்காரர் வந்து கவனிக்காம அதுல முழங்கையை ஊன்றி, "முதலில் தகவல் சேகரிக்க வேண்டும்"னு பேச ஆரம்பிச்சாரு. பேசி முடிச்சு எழுந்தா மேசையும் கூட எழுந்துது. என் அட்டை வெட்டற கத்தியாலதான் அவர் கோட்டுக் கையை அறுத்து விட்டோம், இன்னும் அந்தத் துணி மேசையில இருக்கு, அதுக்கு மேலதான் பெட்டி அடுக்கறாங்க. அப்புறம் தள்ளற கை பாதி வழியில நின்னுது. புதுசு வால்வு மேல இருக்கற சின்னப் பொத்தானை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பார்த்தாரு, வேலை செஞ்சுது, சந்தோஷத்துல ஸ்க்ரூடிரைவரை அப்படியே டேப் போட்டு ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நீட்டின கை மடங்கவே இல்லை. பின்னாடி வந்த பெட்டியெல்லாம் அதுல முட்டி, மேல ஏறி, கூரை விளக்கு வரைக்கும் கோபுரம் கட்டி, அப்படியே சாஞ்சு, கணக்குப்பிள்ளை ஜன்னலை மூடிடுச்சு. அவரு உள்ள உக்காந்து கரண்டு போச்சுன்னு நினைச்சு மெழுகுவத்தி தேடிட்டு இருந்தாரு. பதினாலு வால்வு மாத்தியாச்சு. பெரிய சுருள் வச்ச வால்வு போட்டாங்க, பித்தளை வால்வு போட்டாங்க, கடல் தாண்டி வந்த வால்வு போட்டாங்க. எல்லாம் ஒரு வாரம். எட்டாம் நாள் சொதக்.

எனக்குச் சத்தத்துலயே தெரியும் தம்பி. ஆறாம் வால்வு நாளைக்கு நிக்கும்னு முந்தின நாளே சொன்னேன். "அண்ணிக்கு ஜோசியம் வேற வருது"ன்ன. நின்னுதா இல்லையா? அதுவும் போகட்டும். மேசையைச் சுத்தம் பண்ண நான் காத்துத் துப்பாக்கியை எடுத்து அழுத்தினா, காத்து வரலை, காப்பி நிறத்துல தண்ணி வந்துது. அது கோட்டுக்காரரோட வெள்ளைச் சட்டை முழுக்க அடிச்சுது. வேணும்னே அடிச்சேன்னு நீ எல்லார் முன்னாடியும் சொன்ன. முதல் தடவை வேணும்னு அடிக்கலை. ரெண்டாவது தடவை, "இதுதான் சார் காரணம், நல்லாப் பாருங்க"ன்னு காட்டறதுக்காக அடிச்சேன். அவருக்கு அது போதலை. "ஒரு சம்பவத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது"ன்னு சொட்டச் சொட்டச் சொல்லிட்டுப் போனாரு.

அன்னிக்கே நான் கம்ப்ரசர் ரூமுக்குப் போனேன். புதுசு ஸ்டூல்ல உக்காந்து பழத்தை உரிச்சுட்டு இருந்தாரு.

"ஏங்க, டேங்க் அடிக் குழாயைத் திறந்து தண்ணி விடறீங்களா இல்லையா?"

"எந்தக் குழாய்மா?"

"டேங்குக்கு அடியில இருக்கற குழாய். இருபத்தாறு வருஷமா என் வீட்டுக்காரர் திறந்த குழாய்."

"அங்க குழாய்னு ஒண்ணும் இல்லம்மா. சதுரமா ஒரு முளை துருத்திட்டு நிக்குது. பிடிக்க ஒண்ணுமில்ல. அடைச்சு வச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன்."

"இல்லாத குழாயையா அவர் தினம் திறந்தாரு?"

"எனக்கென்னம்மா தெரியும். அதான் ஆட்டோமேட்டிக்கா தண்ணி விட ஒரு வால்வு வச்சிருக்காங்களே. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் டிக்குனு திறக்குது."

"டிக்குங்குது. தண்ணி வருதா?"

"டிக்குங்குதேம்மா!"

"தண்ணி வருதான்னு கேட்டேன்."

"அதெல்லாம் நான் பார்க்கறதில்ல. டிக்குனா சரின்னு மேற்பார்வையாளர் சொல்லியிருக்காரு."

மேற்பார்வையாளர்! அதுவும் ஒரு சோலனாய்டு வால்வுதானே, அதுக்குள்ளயும் துரு போய் அடைக்காதா, வால்வு ஒழுங்கா இருக்கான்னு பார்க்க இன்னொரு வால்வைக் காவல் வச்சா உருப்படுமா? அவர் அதை ஒரு நாளும் நம்பினதில்லை. "அது பாட்டுக்கு டிக்குங்கட்டும், நான் பாட்டுக்குத் திறக்கறேன்"ம்பாரு. நானே குனிஞ்சு பார்க்கலாம்னு போனேன், என் முட்டி மடங்கறதுக்குள்ள நீ வந்துட்ட. "அண்ணி, தரையில போட்ட மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது, உங்களுக்கு அனுமதி இல்லை"ன்னு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்ட. இருபத்தாறு வருஷத்துல அந்தக் கோட்டை நான் ஒருதரமும் தாண்டினதில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கூடக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வச்சுட்டுத்தான் வருவேன். அவர் கை நீட்டி எடுத்துப்பாரு.

இப்ப எனக்குத் தெரிஞ்சதைத் தெளிவாச் சொல்றேன். தண்ணிதான் காரணம். தண்ணியை விடாதது புதுசு. வேலை செய்யச் சோம்பல், கேட்டா குழாயே இல்லைன்னு பச்சைப் பொய். அந்தப் பொய்யை நம்பி நீ உன் கூடப் பிறந்தவரை முள்ளுல குத்திட்ட. நல்ல வால்வு வேணும்னா முதல்ல நல்ல ஆள் வேணும், டேங்க் தண்ணியை விடுங்க, குழாய் நடுவுல இருக்கற வடிகட்டியைக் கழுவுங்க, அந்த டிக்கைப் பிரிச்சுத் துரு எடுங்க. இதுக்கு மீன் எதுக்கு? என் வீட்டுக்காரர் வேலையில ஒரு தப்பும் இல்லை. ஒண்ணே ஒண்ணு கூட இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த முள்ளை அழி. போட்டோவை இருக்கற இடத்துல விடு. புதுசை எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு. நீயும் கேளு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும், வெள்ளிக்கிழமை பெரியவங்க வர்றப்ப நான் காத்துத் துப்பாக்கியோட கேன்டீன் வாசல்ல நிப்பேன். அவங்க சட்டையும் வெள்ளையாத்தான் இருக்கும்.

ஃபேன் காத்துல தாள் பறக்குது. எதையாவது மேல வச்சுட்டுத்தான் அடுத்த வரி எழுத வேண்டியிருக்கு. இதோட நிறுத்திக்கறேன்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் மூத்தவளா வந்துட்டேன், வாழ்த்தாம முடிக்க மனசு வரலை. நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாம நூறு வயசு இருங்க. சின்னவளுக்கு இருமல் கேட்டுதான்னு சொல்லி அனுப்பு. உனக்கு நல்ல புத்தி வரட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்தை விடக் கோபம் அதிகமா இருக்கும்,
உன் அண்ணி.

பின்குறிப்பு: தம்பி, மேலே எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன். வேற தாள் இல்லை. நீ படிச்சுட்டே வந்திருப்ப, இதையும் படிச்சுடு.

தாள் பறக்காம இருக்கத் தட்டுலேர்ந்து அந்தச் சிவப்பு உறை போட்ட இரும்புத் துண்டை எடுத்து வச்சேன். கையெழுத்துப் போட்டுட்டு அதை எடுக்கறப்பதான் முதல் தடவையா நல்லாப் பார்த்தேன். உள்ளங்கை நீளம். ஒரு முனையில ஒரு ஓட்டை. ஓட்டை வட்டமா இல்லை. சதுரமா இருக்கு. மோந்து பார்த்தேன். துருத் தண்ணி வாசம்.

ஒருதரம் எழுந்து தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்தேன். புதுசு சொன்ன முளையும் சதுரம்தான்.

"ஒருத்தனும் கை வைக்க வழி வைக்க மாட்டேன்"னு அவர் அன்னிக்குச் சொன்னது வாய் வார்த்தைன்னு நினைச்சேன். மனுஷன் கைப்பிடியையே கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஒன்பது வருஷம் வந்து போயிருக்காரு. காலையில மாட்டித் திறக்கறது, மூடிக் கழட்டறது, சாயங்காலம் தட்டுல வைக்கறது. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. என்கிட்ட வால்வுக்குள்ள இருக்கற ரப்பர் வரைக்கும் சொன்னவரு இதைச் சொல்லலை. தவறான பழக்கம்னு நீ எழுதினது சரிதான். எண்ணெய்னு எழுதினதுதான் பொய். அதுல நான் மாற மாட்டேன்.

நீ பத்தாம் நாள் வந்து கம்பெனிச் சாமான் கேட்டப்ப, நான் நடுவுல நிக்காம இருந்திருந்தா பதினாலு வால்வும் பிழைச்சிருக்கும். புதுசுகிட்ட நான் மன்னிப்புக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும் வேண்டாம், மஞ்சக் கோட்டுகிட்ட வச்சுக் கேக்கறேன்.

கைப்பிடியை இதோட அனுப்பலை. நாளைக்குக் காலையில மணி அடிக்கறதுக்கு முன்னாடி நானே கொண்டு வர்றேன். முதல் தடவை நான்தான் திறப்பேன், அனுமதி இல்லைன்னு சொன்னா திரும்பி வந்துடுவேன், உனக்குத்தான் நஷ்டம். மூணு மாசத்துத் தண்ணி, நல்ல சட்டை போட்டுட்டு வராதே. காத்து வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டு மூடிடறேன். அதுக்கப்புறம் கைப்பிடியை அதுலயே விட்டுடறேன், நீ நட்டு போட்டு முறுக்கிடு. தட்டுல கண்ணாடியும் டேப்பும் சாக்பீஸும் இருக்கு, எனக்கு அது போதும்.

மீனை அழிக்க வேண்டாம். முதல் முள்ளுல உன் ஈரச் சட்டையை எழுது. அவர் முள்ளு இருக்கட்டும், எண்ணெயை அடிச்சுட்டுக் கைப்பிடின்னு மாத்து. சிவப்பு வட்டத்தை மட்டும் எடுத்துடு. என்னையும் ஒரு முள்ளுல போடு. எங்கயோ வால் பக்கம் போடாதே, அவர் முள்ளுக்குப் பக்கத்துலயே போடு.